மீட்டர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது!

சித்திரை பிறந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பாட்டுதான். "என்னா வெயில்!" "ஃபேன்ல காத்தே வரல." "இந்தத் தடவை கரண்ட் பில் எங்க போய் நிக்கப் போகுதோ!" அக்னி நட்சத்திரம் முடிகிற வரை புலம்பல். பில் வந்ததும் ஒரு பெருமூச்சு. பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த கோடை வரை மறதி. ஆண்டுதோறும் இதே சுற்று.

கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். சம்பளத்தில் நூறு ரூபாய் குறைந்தால் ஆபீஸில் நாலு பேரிடம் விசாரிக்கிறீர்கள். காய்கறிக் கடையில் கொசுறு கறிவேப்பிலை வராவிட்டால் நின்று கேட்டு வாங்குகிறீர்கள். கரண்ட் பில் மட்டும் இரண்டாயிரம் வந்தாலும் நாலாயிரம் வந்தாலும் தலையெழுத்து என்று கட்டிவிட்டு வருகிறீர்களே, ஏன்?

உங்கள் தலையெழுத்தை யார் எழுதினார்களோ தெரியாது. உங்கள் கரண்ட் பில்லை எழுதுவது நீங்கள்! வெயில் உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கட்டணத்தை நிர்ணயிப்பதும் நீங்கள் இல்லை. ஆனால் எந்த சுவிட்சை எப்போது போடுவது, எந்த ஃபேனை வாங்குவது, ஏசியை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதை முடிவு செய்ய மின்வாரியத்திலிருந்தா ஆள் வருகிறார்? கணக்குத் தெரிந்த குடும்பத்தை எந்தக் கோடையும் மிரட்ட முடியாது. கணக்கைப் பார்க்கப் பயப்படுகிற குடும்பத்தை மார்கழி மாத பில்கூட மிரட்டும்.

மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள்

உங்கள் வீட்டு மீட்டரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மாடிப்படிக்கு அடியில், ஒட்டடை படிந்த பலகையில், ரீடிங் எடுக்க வருபவர் மட்டுமே எட்டிப் பார்க்கிற பெட்டி அது. இன்று நீங்கள் பாருங்கள்.

அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே, எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்!

இப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். பையனைக் கடிகாரத்தோடு மீட்டர் முன் நிறுத்தி ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். 75 வாட் இழுக்கும் சாதாரண ஃபேன் என்றால் நிமிடத்துக்கு நாலு சிமிட்டல் வரும். ஃபேனை நிறுத்திவிட்டு, 1500 வாட் இழுக்கும் பழைய ஒன்றரை டன் ஏசியைப் போடுங்கள். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் அதே விளக்கு நிமிடத்துக்கு எண்பது முறை துடிக்கும். பையனுக்கு எண்ணி மாளாது!

அந்த ஒரு நிமிடம் சொல்லிக்கொடுப்பதை எந்த விளம்பரமும் சொல்லிக்கொடுக்காது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டல் நிற்கவில்லையா? எங்கோ ஒரு பொருள் உங்களுக்குத் தெரியாமல் கரண்ட் இழுக்கிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அளக்கத் தொடங்கியவருக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும். அளக்காதவர் இருட்டிலேயே பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

நம்ப முடியவில்லையா? கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய்.

501-ஆக ஆகட்டும். அந்த 2.25 ரூபாய்ச் சலுகை பறிபோய், 101-இலிருந்தே 4.50 ரூபாய். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய், அதற்கு மேல் 800 வரை 9 ரூபாய். பில் 1,958! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். அதன் பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது. உங்கள் பில்லில் இன்றைய விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ரீடிங் எடுக்க இன்னும் பத்து நாள் இருக்கும்போது இதுவரை 440 யூனிட் ஓடியிருக்கிறது என்று தெரிந்த வீடு, தினமும் ஆறு யூனிட்டுக்குள் நின்றால் போதும் என்று திட்டமிடும். தெரியாத வீடு 503-இல் போய் நின்றுகொண்டு, "ஈ.பி.ல ஏதோ தப்பா போட்டுட்டாங்க" என்று சண்டைக்குப் போகும். இரண்டு வீட்டிலும் ஒரே வெயில்தான்!

அடிக்க வேண்டிய இடத்தில் அடியுங்கள்

செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு மின்சாரத்தை மிச்சம் பிடித்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் சும்மா செருகியிருக்கும் இன்றைய சார்ஜர் ஆண்டு முழுவதும் இழுப்பது இரண்டு மூன்று யூனிட்கூட வராது. சில்லறையை எண்ணிக்கொண்டு நோட்டுக் கட்டைத் தொலைக்காதீர்கள்.

நோட்டுக் கட்டு எங்கே போகிறது? முதலில் ஃபேன். கோடையில் ஒரு ஃபேன் நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் ஓடுகிறது. 75 வாட் ஃபேன் இரண்டு மாதத்தில் 81 யூனிட் தின்னும். அதே காற்றைத் தரும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 வாட் அளவில் ஓடும், 33 யூனிட்டுக்குள் முடியும். ஒரு ஃபேனுக்கு ஒரு பில்லில் 48 யூனிட் மிச்சம்! மூவாயிரம் ரூபாய் ஃபேனா என்று மலைக்காதீர்கள். ஆண்டு முழுவதும் இதே அளவு ஓடினால், யூனிட்டுக்கு 4.50 என்று வைத்தாலே இரண்டு, இரண்டரை ஆண்டில் போட்ட காசு திரும்பி வந்துவிடும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். கடையில் கலரைப் பார்ப்பதற்கு முன் நட்சத்திரத்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் சுவரில் பெரிய பெட்டியாக ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அதில் ஃபேனை மெதுவாக ஓட்டினாலும் பெரிதாக மிச்சம் இல்லை, மீதிக் கரண்ட் அந்தப் பெட்டியில் சூடாக வீணாகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

அடுத்து ஏசி. "பதினெட்டுல வெச்சாதான் சீக்கிரம் குளிரும்" என்று ரிமோட்டை அமுக்குகிறோம். சாதாரண ஏசி பதினெட்டில் வைத்தாலும் இருபத்தாறில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். பதினெட்டில் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே! மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போங்கள். 26-இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு நிற்கும்படி டைமர் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, வயதான அப்பா அம்மா இருக்கிறார்களா? அவர்கள் அறையில் ஃபேனையோ ஏசியையோ அணைத்துச் சிக்கனம் காட்டாதீர்கள். வெப்பம் உயிரைக் குடிக்கும். வியர்வையில் ஒருவரைத் தவிக்கவிட்டு மிச்சம் பிடிக்கும் பத்து யூனிட் எந்த வீட்டுக்கும் பெருமை சேர்க்காது. வீணாவதை வெட்டுங்கள், தேவையைத் தொடாதீர்கள்!

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்பக்கம் காற்றோட்டம் வேண்டும். கதவின் ரப்பருக்கு இடையில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடுங்கள். இழுத்தால் நழுவி வந்துவிடுகிறதா? ரப்பர் போய்விட்டது, மாற்றுங்கள். சூடான குழம்பை ஆறவைத்துப் பிறகு உள்ளே வையுங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டேதான் இருக்கும். பத்து வாட் என்றாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவர் சுவிட்சை அணையுங்கள். மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்ட பிறகு மோட்டாரை நிறுத்த ஓடுகிறீர்களே, வழிந்தது தண்ணீர் மட்டுமா? ஒரு ஹெச்.பி. மோட்டார் 746 வாட், மின்சாரமும் சேர்ந்துதான் வழிந்தது.

மொத்தக் கணக்கு இது. கோடையில் 620 யூனிட் ஓடும் வீடு ஒன்று. இரண்டு ஃபேனை மாற்றினால் சுமார் 97 யூனிட். இரண்டு மாதத்தில் 300 யூனிட் இழுக்கும் ஏசியை 24-இலிருந்து 26-க்கு ஏற்றினால் 36. செட்டாப் பாக்ஸைப் பதினாறு மணி நேரம் சுவரில் அணைத்தால் 10. மொத்தம் 143. மீட்டர் 477-இல் நிற்கும். 2022 கட்டணப்படி 2,930 ரூபாய் வர வேண்டிய பில் 1,587 ரூபாயாகிறது. யாரும் வியர்க்கவில்லை, யாரும் இருட்டில் உட்காரவில்லை. 1,343 ரூபாய் உங்கள் பையில்!

மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? அது மாடியா, தோசைக்கல்லா! பகலெல்லாம் குடித்த வெயிலை அந்த கான்கிரீட் ராத்திரி முழுவதும் கீழே உங்கள் படுக்கை மேல் கொட்டுகிறது. ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுழற்றி அனுப்புகிறது. அப்புறம் "ஃபேன்ல காத்தே வரல" என்றால் பாவம், ஃபேன் என்ன செய்யும்?

தளத்தைக் கூட்டிப் பெருக்கி வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். வெள்ளை வெயிலை உள்ளே விடாது. கீழ் அறையின் சூடு சில டிகிரி இறங்கும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. சுண்ணாம்பு வாளிக்கு அரசு உத்தரவு வேண்டுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இல்லாவிட்டால் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள்.

மேற்குப் பக்க ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூட்டைத் திரையால் வெளியே அனுப்ப முடியாது. வேலூர், திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் அறை குளிரும், ஏர் கூலரும் நன்றாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் ஊர்க் காற்றைப் பார்த்து வாங்குங்கள்!

சொந்த வீடும் நிழல் விழாத மாடியும் இருந்தால், அதே வெயிலை வேலைக்கு அமர்த்தலாம். ஒரு கிலோவாட் சூரிய மின் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தார்கள். நம்மை வாட்டுகிற வெயிலுக்கே வேலை கொடுப்பதைவிட மேலான பழிவாங்கல் உண்டா?

"நான் ஒருத்தன் சேமிச்சு என்ன ஆகப் போகுது?"

இந்த ஒரு வாக்கியத்தைப் போல நம்மை முடக்கியது வேறெதுவும் இல்லை.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். அதில் யார் வீட்டு சுவிட்சுகளும் சேர்ந்திருக்கின்றன? உங்களுடையதும் என்னுடையதும்தான்! ஒரு கோடி வீடுகளில் ஒரே ஒரு ஃபேன் 75 வாட்டிலிருந்து 30-க்கு இறங்கட்டும். 450 மெகாவாட் மிச்சம். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய யூனிட் ஒன்று 210 மெகாவாட். அப்படி இரண்டு யூனிட்களின் முழு உற்பத்தியைவிட இது அதிகம். ஒவ்வொரு வீடும் "நான் ஒருத்தன்" என்றதால்தான் உச்சம் ஏறியது. ஒவ்வொரு வீடும் "நானும் ஒருத்தன்" என்றால் அது இறங்கும்!

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், உங்கள் தெருவைப் பாருங்கள். ராத்திரி பத்து மணி. எல்லா ஏசியும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் 'டப்' என்று ஒரு சத்தம். தெருவே இருட்டு. "ஃபியூஸ் போயிடுச்சு" என்று பால்கனிகளிலிருந்து குரல்கள். அந்நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். துணி துவைப்பதையும் மோட்டார் போடுவதையும் அயர்ன் செய்வதையும் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிற பகலுக்கு மாற்றுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அவற்றைத் தொடாதீர்கள். உங்கள் தெருவுக்கு நீங்கள் செய்யும் உபகாரம் அது.

மக்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து. வரப்போகிற கோடையில் டோக்கியோ என்ன செய்யும் என்று உலகமே பார்த்தது. பெரிய ஆலைகளுக்குக் கட்டாயம், வீடுகளுக்கு வேண்டுகோள். 15 சதவீதம் குறையுங்கள் என்றது அரசு. ஆபீஸ்களில் கோட்டையும் டையையும் கழற்றிவைத்துவிட்டு 28 டிகிரியில் வேலை பார்த்தார்கள். வீட்டு ஜன்னலுக்கு வெளியே வலை கட்டி, நிழலுக்காக என்ன கொடி ஏற்றினார்கள் தெரியுமா? நம்ம பாகற்காய்க் கொடி! முந்தைய கோடையில் ஏறக்குறைய 60,000 மெகாவாட்டைத் தொட்ட டோக்கியோ வட்டாரத்தின் உச்சத் தேவை, 2011 கோடையில் சுமார் 49,000-க்கு இறங்கியது. பாகல் விதை நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையிலும் விதைக் கடையிலும் கிடைக்கிறதே, நமக்கென்ன குறைச்சல்?

"எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்கிறீர்களா?

கோவையில் ஒரு இளைஞர் இருந்தார். பெரிய படிப்பு கிடையாது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், ஆசைப்பட்டார். ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஓட்டவில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்! அவர்தான் ஜி.டி. நாயுடு. பின்னாளில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் கோவையில் உருவானபோது அதற்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர். ஒரு வண்டியையே பிரித்துப் போட்டுப் பாடம் படித்த மண் இது. நாம் மீட்டரில் ஐந்து எண்களைப் படிக்கத் தயங்கலாமா?

வாடகை வீடு என்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை. தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கும் வீடுகளில் இலவச யூனிட் பேச்சே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் உங்களுடையது. பி.எல்.டி.சி. ஃபேனை வாங்கி மாட்டுங்கள், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போங்கள்.

காசில்லை என்கிறீர்களா? ஃபேன் இறக்கையில் படிந்த தூசியைத் துடைக்கக் காசா? டைமர் வைக்க, சுவர் சுவிட்சை அணைக்க, ஃபிரிட்ஜை அரை அடி நகர்த்தக் காசா? முதல் பில்லில் மிஞ்சுவதை எடுத்துவையுங்கள். அது எல்.இ.டி. டியூப் ஆகட்டும், அடுத்த பில்லில் மிஞ்சுவது ரெகுலேட்டர் ஆகட்டும். உங்கள் சேமிப்பே உங்களுக்கு முதலீடு போடும்.

இன்று ராத்திரி படுக்கப் போவதற்கு முன் மீட்டர் எண்ணைக் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். நாளை இதே நேரம் மறுபடி குறியுங்கள். வித்தியாசம்தான் உங்கள் வீட்டின் ஒரு நாள் செலவு. அதைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டாரிடம் சொல்லுங்கள். நேற்று பன்னிரண்டு, இன்று பத்து, நாளை எட்டு என்று எண் இறங்க இறங்கப் பிள்ளைகளே சுவிட்சைத் தேடி அணைப்பார்கள். வாரம் ஒரு வேலையை முடியுங்கள்: ஒரு வாரம் ஏசி ஃபில்டர், அடுத்த வாரம் மொட்டை மாடி, அதற்கடுத்த வாரம் மேற்கு ஜன்னல்.

கோடை வந்தே தீரும். கட்டணம் என்றாவது இறங்கும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் காத்திருக்காதீர்கள். வெயிலைத் திட்டுகிற வாயை மூடி, பென்சிலைக் கையில் எடுங்கள். இந்தக் கோடையில் உங்கள் வீட்டு பில் எவ்வளவு என்பதை, அது வருவதற்கு முன்பே, ரீடிங் எடுப்பவருக்கும் முன்பே, நீங்கள் சொல்ல வேண்டும். சொல்ல முடியும். சொல்லிக்காட்டுங்கள்!